பதம்

முப்பத்தொன்பதில் நின்றுவிட்டது.
சொல்லிக்கொண்டு போகவில்லை.
ஒரு மாதம் வந்தது, இரண்டு மாதம் ஏமாற்றியது,
உப்பு அறுவடையின்போது கொஞ்சம் தலைகாட்டியது.
பிறகு அலமாரியில் பாதிப் பொட்டலம் பஞ்சு
தூசி பிடித்துக் கிடந்தது.

அவேரோவில், கால்வாய் ஓரத்துப் பட்டறையில்
எனக்கு வேலை முட்டை உடைப்பது.
நாளொன்றுக்கு அறுநூறு.
வெள்ளை வாளிக்கு, மஞ்சள் சட்டிக்கு.
விரல் இடுக்கில் வழுக்கி நிற்கும் கரு
உடையாமல் கைமாற வேண்டும்.
பத்தொன்பது வருடப் பழக்கம்.
உடைந்தவை குறைவு.

அப்புறம் பாகு, அப்புறம் கிளறல்.
சிப்பியும் மீனும் சங்குமாக
மெல்லிய மாவுக் கூட்டுக்குள் நிரப்பி
ஓரம் கத்தரித்தால் பெட்டிக்குப் போகும்.
முதலில் இதைச் செய்தவர்கள் மடத்துக் கன்னியர் என்பார்கள்.
உடுப்புக்கு விறைப்பேற்ற வெள்ளையை எடுத்துக்கொண்டு
மிஞ்சிய கருவை வீசியெறிய மனமில்லாமல்
இனிப்பாக்கினார்களாம்.
பிள்ளை பெறாத பெண்கள்,
கை நிறையக் கருவோடு.
படகில் வந்திறங்கும் பயணிகளிடம்
மடம் வரைக்கும்தான் சொல்வேன்.

அடுப்படி வேலை என்பதால்
என் வியர்வையை யாரும் சந்தேகிக்கவில்லை.
கழுத்தில் பற்றி உச்சிக்கு ஏறுவது
பாகுச் சட்டியின் தீ இல்லை என்று
பளிங்குப் பலகைக்கு மட்டும் தெரியும்.
ஆள் இல்லாத நேரம் கன்னத்தை அதில் வைத்துக்கொள்வேன்.
ஒடெட் ஒருமுறை பார்த்துவிட்டாள்.
மாவு ஒட்டியிருக்கிறது, இடலினா, என்று
காதோரம் துடைத்துவிட்டாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

டாக்டர் செலெஸ்ட் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.
கடைசியாக வந்த தேதி?
அடெரிட்டோ உப்பளத்தில்
முதல் குவியல் கட்டிய வாரம், என்றேன்.
அந்தக் கட்டத்தில் அது அடங்கவில்லை.
சீக்கிரம் நின்றுவிட்டது, என்றார்.
எதைவிடச் சீக்கிரம்?
அம்மாவைவிடவா?
நாற்பதில் பார்த்துக்கொள்ளலாம் என்று
நாங்கள் தள்ளிவைத்த அதைவிடவா?
எலும்பைப் பற்றிச் சொன்னார், இதயத்தைப் பற்றிச் சொன்னார்.
இன்சுலின் சொல்வதை இனி உன் உடம்பு
சரியாகக் காதில் வாங்காமல் போகலாம், என்றார்.
வரும் என்று சொல்லவில்லை,
மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்.
வாய்ப்பு.
வேலைக்கும் லாட்டரிக்கும் மட்டும்
நான் கேட்டிருந்த சொல்.

வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு.
இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தானாம்.

இத்தனை வருடம் மூட்டை பிரித்துக் கொட்டிய சர்க்கரையை
இப்போது என் ரத்தத்தில் தேடுகிறார்கள்.

உப்புக்காரனும் சர்க்கரைக்காரியும் என்று
கல்யாணத்தன்று கேலி செய்தார்கள் எங்களை.
அவனுக்கு ரத்த அழுத்தம், போன மாசியில் தெரிந்தது.
குளிர்பெட்டிக் கதவில் இப்போது இரண்டு சீட்டு:
உப்பைக் குறை. சர்க்கரையைக் குறை.
நடுவில் மீன் வடிவக் காந்தம்.
படித்துவிட்டுச் சிரித்தான், சிரிப்பு அடங்காமல்
மேசையைப் பிடித்துக்கொண்டான்.
நானும் சிரித்தேன்.
அன்றிரவு அவித்த பீன்ஸுக்கு
பூண்டை மட்டும் அள்ளிப் போட்டேன்.

சாப்பிட்ட பிறகு அணைக்கரை மேல் நடக்கிறோம்.
அவன் முன்னால், நான் நாலடி பின்னால்.
பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று பார்க்கின்றன.

மாதாமாதம் கேட்காமல் வந்த ரத்தம்.
இப்போது காலையில் ஊசியால் குத்தி
விரலை அழுத்தி அழுத்திக் கேட்டால்தான்
ஒரு சொட்டு.
கருவி யோசிக்கிறது.
யோசிக்கும் அந்த ஐந்து நொடியில்
நான் பட்டறைக் கோட்டை மாட்டிவிடுகிறேன்.

நாக்கில் வைத்துப் பதம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
ஒரு துளிப் பாகு. மெல்லப் பிரிக்கிறேன்.
நூல் எழும்பி, மெலிந்து,
வெளிச்சத்தில் ஆடுகிறது.
கம்பி வந்துவிட்டதா, என்கிறாள் ஒடெட்,
கருச் சட்டியைத் தூக்கிக்கொண்டு.
இரு, என்கிறேன்.
இன்னும் வரவில்லை.